வசனம் சொன்னால் வடை

என் வீட்டுக்காரர் ஒரு போதகர். பெயர் ஆண்டியப்பன். இருபத்திரண்டு வயதில் ஞானஸ்நானம் எடுத்தபோது பைபிள் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். "பேர மாத்துனா எங்கப்பா என்னை என்னன்னு கூப்பிடுவாரு?" என்று மறுத்துவிட்டார். நோர்வூட் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்றைக்கும் பாஸ்டர் ஆண்டியப்பன் என்றால்தான் தெரியும். சரியான பிடிவாதக்காரர். இருபத்தாறு வருடமாகக் கூடவே குப்பை கொட்டுகிறேன், எனக்குத் தெரியாதா?

லயத்து வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், எந்த வீட்டில் சண்டை என்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊர்த் துக்கம் எல்லாம் இவர் காதில் விழும். இவர் துக்கத்தைக் கேட்க ஆள் கிடையாது. என்னிடம் சொல்லலாம்தான். சொன்னால் நான் அழுதுவிடுவேன், பிறகு அவர்தான் என்னைத் தேற்ற வேண்டும்.

அந்தக் குறையைத் தீர்த்தவர் ஜெயரத்தினம் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் பெரிய சபையொன்றின் போதகராக வந்தவர். ஒரு சாவு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஆளுக்கொரு போதகரைக் கூப்பிட்டுவிட்டார்கள். "நீங்க மொதல்ல", "இல்லை, நீங்கள் முதல்ல" என்று இருவரும் உபசரித்துக்கொண்டதில் சவப்பெட்டி அரை மணி நேரம் காத்திருந்தது. பழக்கம் அங்கே தொடங்கியது. இருவருக்கும் அப்போது நாற்பத்தைந்து பக்கம்.

ஞாயிறெல்லாம் பேசிக் களைத்த போதகர்களுக்குத் திங்கள்தான் ஓய்வு. திங்கள் காலை பத்து மணிக்கு ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அழகன் டீக்கடை, மூலை மேசை. அங்கே ஒரே ஒரு சட்டம். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லும்போது மற்றவர் பைபிள் வசனம் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கு வடை அவர் வாங்க வேண்டும். வசனத்தாலேயே பிழைக்கிறவர்களுக்கு இது லேசான காரியமா? முதல் இரண்டு மாதம் அழகனுக்கு வடை வியாபாரம் அமோகம். அதற்குப் பிறகு நாக்கு அடங்கியது, காது திறந்தது. ஒரு மணி பஸ்ஸில் திரும்பி வரும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

அண்ணனுடைய சபையில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றம். போன ஜனவரியில் வவுனியாவுக்குப் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு திங்களும் போன் எடுப்பதாகப் பேச்சு.

எடுக்கவும் செய்தார்கள். ஆனால் போன் காதில் பட்டதும் இரண்டு பேருக்கும் மேடைக் குரல் வந்துவிடும். "ஸ்தோத்திரம் அண்ணே, கர்த்தர் நல்லா வச்சிருக்காரு." அந்தப் பக்கமும் அதே பாட்டு. இவர் ஒரு வசனம், அவர் ஒரு வசனம், ஒரு ஜெபம், ஆமென். நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். போனை வைத்துவிட்டு இவர் ஜன்னல் பக்கம் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கிடையில் எங்கள் சபையில் நாற்பத்திரண்டு குடும்பம் பதினேழாகிவிட்டது. எல்லோரும் கொழும்புக்குப் போகிறார்கள். சனிக்கிழமை பிரசங்கக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாமல் உட்கார்ந்திருப்பார். கொழும்பில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் என் தம்பி யோகேஸ்வரன், "ஸ்டோரைப் பார்த்துக்க ஆளு வேணும், வாங்க மச்சான்" என்றான். ஒரு நாள் பார்த்தால், இவர் தன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம சபையில சொல்லிரப் போறேன்."

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொழும்புக்குப் போனால் வயிறு நிறையும். ஆனால் ஊழியத்தை விட்டுவிட்டு அந்த மனுஷர் என்னவாக இருப்பார் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாள் திங்கள். போன் வந்தது.

"ஸ்தோத்திரம் அண்ணே, நல்லா இருக்கோம்" என்றார் இவர்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, போனைப் பிடுங்கிவிட்டேன்.

"அண்ணே, இவரு பொய் சொல்றாரு. இந்த ஞாயிறோட ஊழியத்தை விடப் போறாரு. புத்தகமெல்லாம் பொட்டியில இருக்கு. பத்து மாசமா ரெண்டு பேரும் வசனமாவே பேசிக்கிறீங்க. இதுவரைக்கும் எத்தனை வடை ஆச்சுன்னு நீங்களே சொல்லுங்க!"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"தங்கச்சி, ஸ்பீக்கரில போடுங்கோ" என்றார் அண்ணன். மேடைக் குரல் இல்லை. "பாஸ்டர், நான் வசனம் சொல்லமாட்டன். இஞ்ச வந்த நாளில இருந்து மேடையில நிண்டு ஜெபிக்கிறன். அறைக்குள்ள தனிய இருந்தால் ஒரு சொல்லும் வருகுதில்லை. வீட்டில மனிசியிட்டயும் சொல்லேல்லை. திங்கக்கிழமை விடிஞ்சால் ஹட்டன் பஸ்ஸில ஏறவேணும் போல கிடக்கும். அவ்வளவுதான்."

என் வீட்டுக்காரர் போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தனக்கு மட்டும்தான் இந்த வறட்சி என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறார்.

"எனக்கும் அப்படித்தாண்ணே" என்றார். "ஒங்க மூஞ்சியப் பாக்காம என்னால முடியல."

ஐம்பத்தொரு வயது மனுஷர் குழந்தை மாதிரி அழுதார். அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார்கள். இரண்டு பேரும் ஜெபம் பண்ணவே இல்லை.

ஞாயிறு வந்தது. சபையில் இவர் ஒன்றும் சொல்லவில்லை. என் தம்பியிடம் "இப்ப வரல மச்சான்" என்றார். அந்த 'இப்ப' என் காதில் விழாமல் இல்லை. பெட்டியில் பாதிப் புத்தகம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, நானும் கேட்கவில்லை.

அண்ணனுடைய அடுத்த இடமாற்றத்துக்கு இன்னும் நாலு வருடம். அப்போதும் ஹட்டனுக்கே போடுவார்கள் என்று யார் கண்டது? ஆனாலும் இவர் திங்கள் காலை குளித்து, சட்டைக்கு அயர்ன் போட்டு, ஹட்டன் பஸ் ஏறிவிடுகிறார். அதே மூலை மேசை. எதிர்ப் பெஞ்சில் யாரையும் உட்கார விடுவதில்லை என்று அழகனே என்னிடம் சொல்லிச் சிரித்தான். பத்து மணிக்கு வவுனியாவிலிருந்து போன் வரும்.

"அந்தப் போனை வீட்டுல இருந்தே பேசலாமே, எதுக்கு பஸ்ஸுல இடிபட்டுக்கிட்டுப் போறீங்க?" என்று போன வாரம் கேட்டேன்.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "அங்கன உக்காந்து பேசுனாத்தான் எனக்குப் பொய் வரமாட்டேங்குது."