டிவியின் முதுகுச் சூடு

பழைய டிவி கேம் வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் கடைக்காரனை நம்பாதீர்கள். அடுத்து, கேசட்டின் மேல் ஒட்டியிருக்கும் படத்தை நம்பாதீர்கள். அதில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக எழுதியிருந்தால் அதைச் சுத்தமாக நம்பாதீர்கள். பினாங்கின் கொம்தார் கட்டடக் கடையொன்றில் என் போனஸ் பணத்தில் நான் வாங்கிய கேசட்டிலும் அப்படித்தான் ஒரு பெரிய எண் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். மொத்தமே ஏழு ஆட்டம். மிச்சமெல்லாம் அதே ஏழுதான், பெயரை மட்டும் மாற்றி, ஒன்றில் வானம் நீலமாகவும் இன்னொன்றில் கறுப்பாகவும் வைத்திருந்தான். மறுநாளே நோட்டோடு போய்க் கடை முதலாளி தவுக்கேயிடம் சண்டை பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, ஏழும் நல்ல ஆட்டம்தானே என்று மலாயில் சொன்னார். அந்த ஒன்றில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.

அந்த ஏழில் மூன்றை இன்றைக்கும் யாருக்கும் தைரியமாகச் சிபாரிசு செய்வேன். மேலிருந்து கட்டைகள் விழ, அவற்றைத் திருப்பித் திருப்பி அடுக்கும் ஆட்டம் ஒன்று. கோபம் வந்தால் அதை ஆடுங்கள். கால் மணி நேரத்தில் யார் மேல் கோபம் என்பதே மறந்துவிடும். இரண்டாவது, துப்பாக்கியால் வாத்து சுடுவது. குறி தப்பினால் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அந்த நாயைச் சுட முடியாது, நான் முயன்று பார்த்துவிட்டேன். மூன்றாவது டாங்கி ஆட்டம். திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு இருக்கும். அதைக் காக்க உங்களுக்கு ஒரு டாங்கி. எதிரி டாங்கிகள் மேலிருந்து வந்துகொண்டே இருக்கும். கழுகு போனால் ஆட்டம் போச்சு. இரண்டு பேர் ஆடினால் ஒருவருக்கு மஞ்சள் டாங்கி, இன்னொருவருக்குப் பச்சை. மூன்றில் இதுதான் உசத்தி. எங்கள் வீட்டில் நடந்த பெரிய ரகளையும் இதனால்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஜெலுத்தோங் பக்கம் ஒரு வரிசை வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: அப்பா, அண்ணன், அண்ணி, நான். அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு இருபத்தாறு வயது. பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். இந்த வயதில் டிவி கேமா என்று கேட்காத ஆள் இல்லை. எவனையோ கட்டிக்கொண்டு அவன் சட்டைக்குப் பித்தான் தைப்பதைவிட வாத்து சுடுவது எவ்வளவோ மேல் என்று பதில் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்.

அப்பா துறைமுகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் என்ற பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமல்ல. அண்ணனோ சிம்பாங் அம்பாட்டில் வேலை பார்த்தபோது அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்து, ரிஜிஸ்தர் கல்யாணம் செய்து, கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். அவளுடைய தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். "எங்கட ஆக்கள் இல்லை" என்றார் அப்பா. வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. ஆனால் அவள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று நடுக்கூடத்தில் நின்று சொன்னார். சொன்னபடியே எட்டு மாதமாக அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய மதியச் சாப்பாட்டை நான் காலையிலேயே சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

நான் மட்டும் என்ன யோக்கியமா? அண்ணி என்னைவிட மூன்று வயது சின்னவள். அவள் என்னை அக்கா என்பாள், நான் முறைக்கு அவளை அண்ணி என்பேன். வாய்தான் அப்படிச் சொல்லும். அவள் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று பார்ப்பேன். சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறாள் என்று பார்ப்பேன். அவள் தன் அம்மாவோடு தொலைபேசியில் பேசினால் எனக்குக் கூடத்தில் திடீரென்று பெருக்குகிற வேலை வந்துவிடும்.

வெளியே போய் வந்ததும் டிவியின் முதுகைத் தொட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். நாங்கள் படிக்கிற வயதில் அம்மா அதைச் செய்வார். அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் நானும் அண்ணனும் டிவியை அணைத்துவிட்டு அட்டையால் விசிறி ஆற வைப்போம், ஒருநாளும் ஆறியதில்லை. அம்மாவுக்குப் பிறகு அந்த வேலையை யாரும் சொல்லாமலே நான் எடுத்துக்கொண்டேன். ஒருநாள் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து கையை வைத்தேன். நல்ல சூடு. அண்ணி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள் அல்லவா?

அடுத்த நாள் காலையில் கேம் பெட்டியின் வயர்களைச் சுருட்டி, ரப்பர் பேண்டை இரண்டே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனேன். மாலையில் பார்த்தால் மூன்று சுற்று. சரி, தனியாக இருக்கிறாள், ஆடிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டியில் இரண்டு கண்ட்ரோலர் உண்டு. நான் எப்போதும் தனியாக ஆடுகிறவள் என்பதால் இரண்டாவதை வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் பையைவிட்டு எடுத்ததே இல்லை. இப்போது பை இல்லை. அந்த ஏழில் இரண்டு பேர் சேர்ந்து ஆடக்கூடியது டாங்கி ஆட்டம் ஒன்றுதான். பாத்திரம் கழுவி வைக்கும் இடத்தில் இரண்டு கோப்பிக் கோப்பைகள் கவிழ்ந்திருந்தன.

யார் அந்த இரண்டாவது ஆள்? அண்ணன் ஜுருவில் தொழிற்சாலைக்கு மாறியிருந்தான். ஆறரைக்கு முன் வர வழியில்லை. அப்பா ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு சைக்கிளில் கிளம்பினால், ஓய்வு பெற்றவர்களின் கிளப்பில் எல்லாப் பேப்பரையும் படித்து முடித்து ஆறு மணிக்குத்தான் திரும்புவார். தவிர, அவள் போட்ட கோப்பியை அவர் தொடவே மாட்டார். அப்படியென்றால் வெளியாள். வெளியாள் என்றால் ஆண்பிள்ளை. என் புத்தி இவ்வளவு தூரம் ஓட அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் போனேன். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பகலில் எங்கள் வீட்டில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று சும்மா விசாரிப்பதுபோல மலாயில் கேட்டேன். "ஆமாம், நல்ல சிரிப்புச் சத்தம்" என்றாள். ஆண் குரலா? ஆண் குரலும்தான். யார்? சுவருக்கு இந்தப் பக்கமிருந்து எனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டுவிட்டு அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள். அம்மா போன பிறகு அப்பா சிரித்து நான் கேட்டதில்லை. அதனால் அந்தப் பக்கம் என் யோசனை போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, பின் சந்து வழியாக வந்து கையும் களவுமாகப் பிடிப்பது என்று திட்டம் போட்டேன். நல்ல திட்டம்தான். என் வாய் அதுவரை பொறுக்கவில்லை. வியாழக்கிழமை இரவு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அண்ணி அண்ணனுக்கு மீன் கறி ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா வழக்கம்போல நான் சமைத்ததை மட்டும் பிசைந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, பகல்ல நம்ம வீட்டுக்கு யாரோ வர்றாங்க. உனக்குத் தெரியுமா?"

"மீட்டர் பாக்க வந்திருப்பான்லா" என்றான் அண்ணன், தட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"மீட்டர் பாக்க வந்தவன் உட்காந்து கோப்பி குடிச்சிட்டு டாங்கி கேம் ஆடுவானா?"

பிறகு விரல் விட்டு எண்ணினேன். டிவிச் சூடு, ரப்பர் பேண்டு, இரண்டாவது கண்ட்ரோலர், இரண்டு கோப்பை, பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்ட ஆண் குரல். ஐந்து விரலும் மடங்கியது. அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தான்.

"யாரு வந்தது?"

"யாரும் வரலங்க."

"அப்ப ஆன்ட்டி பொய் சொல்றாங்களா?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அண்ணியின் பார்வை ஒரு கணம் அப்பா பக்கம் போய்த் திரும்பியது. அப்பா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மாமனாருக்குப் பயப்படுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"கேக்குறேன்ல? யாரு?"

"என்னால சொல்ல முடியாதுங்க" என்றாள்.

அதைவிட மோசமான பதில் உலகத்தில் கிடையாது. அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அப்ப உங்கம்மா வீட்ல போய்ச் சொல்லு. பையை எடு. இப்பவே கொண்டுபோய் விடுறேன்."

அவள் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு அறைக்குப் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. எட்டு மாதமாக நான் நினைத்தது சரியாகப் போய்விட்டதே என்ற இனிப்பு. பையின் ஜிப் இழுபடும் சத்தம் வரும்வரை அது இருந்தது.

"பிள்ளை!" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் அப்பா பிள்ளை என்று கூப்பிடுவது என்னை மட்டும்தான். "என்னப்பா?" என்றேன்.

"உன்னையில்லை." அறைப் பக்கம் திரும்பி இன்னும் சத்தமாகச் சொன்னார்: "பிள்ளை, பையைக் கீழ வை. வந்து அந்த கேமை எடுத்து மாட்டு. ஆறாவது ஸ்டேஜில நிக்கிறம்."

அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றான். அப்பா சோற்றைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஒருநாள் பெரிய மழை. கிளப்புக்குப் பாதி வழி போனவர் நனைந்துகொண்டே திரும்பி வந்திருக்கிறார். இவள் கூடத்தில் தனியாக டாங்கி ஆடிக்கொண்டிருந்தாள். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பின்னால் நின்று பார்த்தவருக்குப் பொறுக்கவில்லை. "இடப்பக்கம் வாறான், இடப்பக்கம் வாறான்!" என்று கத்திவிட்டாராம். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டாவது கண்ட்ரோலரை எடுத்துப் பின்னால் நீட்டியிருக்கிறாள். எட்டு மாதத்து வைராக்கியம் ஒரு பச்சை டாங்கியோடு போச்சு.

அதற்குப் பிறகு தினமும் ஒரு மணிக்குக் கிளப்புக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, சைக்கிளைப் பின் சந்தில் சாத்திவிட்டு உள்ளே வருவார். ஐந்தரைக்கு மறுபடி புறப்பட்டு, கிளப்பில் தலையைக் காட்டிவிட்டு, ஆறு மணிக்குப் பேப்பர் செய்தியோடு வீடு திரும்புவார். யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம்.

"இவ்வளவு நேரம் ஏன்பா வாயைத் திறக்கல?" என்று அண்ணன் கத்தினான். அப்பாவை அவன் எதிர்த்துப் பேசியது அன்றைக்குத்தான்.

"என்னெண்டு சொல்லுறது? தண்ணி குடிக்க மாட்டன் எண்டு சொன்ன வாய்" என்றார் அப்பா. அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தது. பை வெளியே வரும்வரை அவர் காத்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அவரைச் சொல்லிவிட்டு என்னை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது வேறு விஷயம்.

அன்று இரவு அவர்கள் இருவரும் எங்கள் முன்னாலேயே உட்கார்ந்து ஆடினார்கள். அண்ணி கண்ணைத் துடைத்துத் துடைத்து ஆடினாள். அப்பா அவளுக்காகவே சுடுவதுபோலச் சுட்டுத் தள்ளினார். அண்ணன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். நான் எல்லாத் தட்டையும் கழுவினேன். முடித்துவிட்டு வந்து, "அண்ணி, என்னை மன்னி..." என்று ஆரம்பித்தேன். "பரவால்லக்கா" என்றாள், நான் முடிப்பதற்குள்.

மறுநாள் வேலை முடிந்து தெருமுனையில் திரும்பியபோதே எங்கள் வீட்டுக் கதவு தெரிந்தது. இரண்டு பக்கமும் விரியத் திறந்து, திரைச்சீலையைத் தூக்கிக் கட்டி, எல்லா ஜன்னலையும் அண்ணி திறந்துவிட்டிருந்தாள். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே நடக்கும் டாங்கிச் சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கொசு கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"புழுக்கமா இருக்கா அண்ணி?" என்று கேட்டேன்.

"இல்லக்கா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உள்ள யாரு இருக்கான்னு எல்லாருக்கும் தெரியட்டும்லா."

அண்ணனும் அவளும் தனி வீடு பார்த்துப் போகும்வரை, இரண்டு வருடம், ஒரு பகலும் அவள் அந்தக் கதவைச் சாத்தியதில்லை. மழை நாளில் சாரல் கூடத்தில் பாதி தூரம் வரும். நான் வந்து சாத்துவேன். அவள் தரையைத் துடைத்துவிட்டு, என்னை ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய், மறுபடியும் திறந்து வைப்பாள்.