ஆள்காட்டிக்குப் போட்ட பந்தல்

வனவிலங்கு உயிரியலாளர் என்று சொல்லிக்கொண்டால் மயிலாப்பூர்க் கல்யாணங்களில் என்னைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிடும். புலியைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா என்பார்கள். அடையாற்று முகத்துவாரத்துச் சேற்றில் நத்தை எண்ணுகிறேன் என்று சொன்னதும் கூட்டம் பாயசத்தைத் தேடிப் போய்விடும். ஆழ்வார்பேட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆலோசனை அலுவலகம். ஓர் இடத்தைச் சீரமைக்கிறார்கள் என்றால், அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, அவற்றைக் கெடுக்காமல் எப்படி வேலை பார்ப்பது என்று சொல்வது எங்கள் பிழைப்பு. சொல்வது சுலபம். கேட்க வைப்பதற்குள் உயிர் போய்விடும்.

அந்தக் கோடையில் ஆற்றோரம் கொட்டிக் கிடந்த கட்டட இடிபாடுகளை அள்ளிவிட்டு, கடல் தண்ணீர் உள்ளே வந்து போக ஒரு வாய்க்கால் வெட்டி, கரையில் அலையாத்தி நடும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்த நிறுவனத்தின் என்ஜினியர் கோடம்பாக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். கான்கிரீட்டிலேயே காலம் தள்ளிய மனிதர் தலையில் இந்த வேலையைக் கட்டியிருந்தார்கள். "மேடம், எனக்குச் செடி கொடின்னா ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்றதச் செஞ்சிடறேன்" என்றார் முதல் நாளே. இப்படிச் சொல்பவர்களை நான் நம்புவதே இல்லை. இவர் சொன்னதைச் செய்தார். சிக்கல் என்னவென்றால், சொல்லாததையும் சேர்த்துச் செய்தார்.

வாய்க்கால் வரவேண்டிய கோட்டிலேயே, ஜல்லியும் உடைந்த ஓடும் கிடந்த ஒரு மேட்டில், ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. கூடு என்று எதுவும் கிடையாது. வெறும் தரையில் ஒரு சின்னக் குழி, அதில் மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு நான்கு முட்டைகள். ஜல்லியோடு ஜல்லியாகக் கிடந்தன. இயற்கை என்றால் பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் மிதித்துவிட்டுப் போயிருப்பார்கள். என்ஜினியர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"குஞ்சு வர எவ்ளோ நாளாகும்?"

"சில வாரம் ஆகலாம். எப்ப போட்டதுன்னு தெரியலையே சார்."

அங்கேயே போனை எடுத்துத் தன் மேலதிகாரியிடம் பேசினார். வாய்க்காலைக் கடல் பக்கத்திலிருந்து வெட்டி வந்து இந்த மேட்டைக் கடைசியில் தொடுவதாகச் சொன்னார். மறுமுனையில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "என் பொறுப்பு சார், நான் பாத்துக்கறேன்" என்று முடித்தார். முட்டைக்காகத் திட்டு வாங்கிய என்ஜினியரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த நிமிஷமே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

ஜேசிபி ஓட்டுநர் ஊரூர் குப்பத்துக்காரர். "இன்னா மேடம், ஒரு குருவிக்காக வண்டிய திருப்பிக்கினு போவணுமா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே திருப்பினார்.

இரண்டு நாள் கழித்து வேலையிடத்துக்குப் போனேன். மேட்டைச் சுற்றி நான்கு கழிகள், அவற்றில் சிவப்பு ரிப்பன், மேலே பச்சை நிழல்வலை, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டில் தண்ணீர், ஒரு கை நொய்யரிசி. வாழைமரம் கட்டாததுதான் பாக்கி. ஆள்காட்டி ஜோடி தூரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு கழியின் உச்சியில் காகம் ஒன்று சொந்த வீட்டுத் தின்பண்டத்தைப் பார்ப்பதுபோலக் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"வெயில் தாங்கல மேடம். முட்டை வெந்துடும்போல இருந்துது. காலைலதான் வலை போட்டேன்" என்றார் என்ஜினியர். முகமெல்லாம் பெருமை.

"சார், இது பந்தல் இல்ல, காக்காவுக்கு வழி காட்டற போர்டு! எடுங்க எல்லாத்தையும்!" என்று கத்தினேன். இருவருமாகப் பிடுங்கிப் போட்டோம். குழியில் மூன்று முட்டைகள்தான் இருந்தன.

அவர் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "என்னாலயா மேடம்?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று பொய் சொல்லவும் வரவில்லை. "மூணு இருக்கு சார்" என்றேன்.

அவரை இழுத்துக்கொண்டு போய் ஒரு மண்குவியலுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தாய்ப்பறவை ஆற்றில் இறங்கி வயிற்று இறகை நன்றாக நனைத்துக்கொண்டது. குடுகுடுவென்று ஓடிவந்து ஈர வயிற்றோடு முட்டைகள்மேல் அமர்ந்தது. வெயிலுக்கு அது செய்கிற வைத்தியம் அதுதான். பக்கத்தில் நாம் நின்றால் அதனால் வர முடியாது. இதை அவருக்கு விளக்கிவிட்டு எங்கள் தொழிலின் முக்கியமான பழக்கத்தையும் சொன்னேன்: கூட்டை நோக்கி நேராக நடக்கக் கூடாது, அங்கே நிற்கக் கூடாது, குனியக் கூடாது. வேறெங்கோ போகிறவர்போலக் கடந்துவிட வேண்டும். நாம் எங்கே நிற்கிறோம் என்று காகம் பார்த்துக்கொண்டே இருக்கும். நாம் நகர்ந்ததும் அங்கேதான் வந்து தேடும்.

"பாக்கவே கூடாதா மேடம்?"

"கூடாது சார்."

ஒவ்வொரு டீ நேரத்திலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். சரியென்று தலையை ஆட்டினார். எனக்குப் பாவமாக இருந்தது.

அதன்பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்களைச் சுற்றிப் போகச் சொன்னார். அவசரத்துக்கு அந்த வழியாகப் போக நேர்ந்தால் முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்தார். "சண்ட போட்ட சம்பந்தி வூட்ட தாண்டிப் போற மாதிரியே போறாரு" என்று ஓட்டுநர் கிண்டலடித்தார். தினமும் காலையில் நான் எதிர்க்கரையிலிருந்து பைனாகுலரில் பார்ப்பேன். உடனே போன் வரும். "உக்காந்திருக்கா மேடம்?" உட்கார்ந்திருக்கு சார் என்பேன். வேறு பேச்சு இருக்காது, வைத்துவிடுவார்.

வாய்க்கால் மேட்டை நெருங்கிய ஒரு காலையில் பறவை அங்கே இல்லை. வெகுநேரம் பார்த்தும் வரவில்லை. வேலை நடக்கும் கரைக்கு வந்து அவரை அழைத்துக்கொண்டு நேராகக் குழிக்கே நடந்தேன். குழி காலி.

"போச்சா மேடம்?" என்றார். ஜல்லிமேட்டைப் பார்க்கத் தெம்பில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் மண்டியிட்டுக் குழியின் மண்ணை விரலால் துழாவினேன். பொடிப்பொடியாக ஓட்டுத் துணுக்குகள் விரலில் ஒட்டின. காகம் எடுத்திருந்தால் முட்டையை முழுசாகத் தூக்கிப் போயிருக்கும். பொரித்தால்தான் இந்தத் துணுக்குகள் மிஞ்சும். சொல்ல வாயெடுப்பதற்குள் ஆள்காட்டிகள் இரண்டும் எங்கள் தலைக்குமேல் அலறிக்கொண்டு பாய்ந்தன. அவர் பின்வாங்கக் காலைத் தூக்கினார்.

"சார், காலைக் கீழ வைக்காதீங்க!"

அவர் கால் இறங்கவேண்டிய இடத்தில் ஒரு குஞ்சு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஒரு முழம் தள்ளி இன்னொன்று. மூன்றாவது எங்கே என்று தெரியும்வரை அவர் எங்கேயும் கால் வைக்க முடியாது. அவர் வானத்தைப் பார்த்தபடி ஒற்றைக்காலில் ஆடிக்கொண்டு நின்றார். பறவைகள் மாறிமாறி வந்து அவர் காதோரம் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின.

"இன்னா சார், ஒத்தக் கால்ல நின்னுக்கினு கீறீங்கோ?" என்று ஓட்டுநர் கத்தினார். நான் கையைக் காட்டியதும் எஞ்சினை நிறுத்திவிட்டார்.

உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றின் ஓரத்தில் மூன்றாவதும் இருந்தது. கண் திறந்திருந்தது. "மூணும் இருக்கு சார். ஒண்ணு உங்க காலுக்குக் கீழயே இருக்கு" என்றேன்.

அப்போதும் அவர் குனியவில்லை. முகம் வானத்தைப் பார்த்தபடியே இருந்தது.

"இப்ப பாக்கலாமா மேடம்?" என்றார்.

"பாருங்க சார்" என்றேன்.