அய்யாக்குட்டி பிள்ளையின் புதன்கிழமைக் கேள்வி

தூத்துக்குடியில் அய்யாக்குட்டி பிள்ளைக்குப் பயப்படாத பெரிய மனுஷன் கிடையாது. அவரை மதித்த பெரிய மனுஷனும் கிடையாது. காலால் மிதிக்கிற அச்சு இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு ‘நேர்வாக்கு’ என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். ஆசிரியர், நிருபர், அச்சுக் கோப்பவர், வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடுகிறவர் எல்லாம் அவரேதான். யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் நாலு பக்கம் இரண்டாகச் சுருங்கியபோது கவிதையை வெட்டினார், ராசிபலனை வெட்டினார், மூன்றாம் பத்தியை மட்டும் விடவில்லை. அதில்தான் ஊர்ப் பெரியவர்களைக் கேள்வி கேட்பார்.

“செவுளத் தூக்கிப் பாக்காம எவன் மீன் வாங்குதான்? வோட்டுக் கேக்கவனையும் அப்படித்தான் பாக்கணும்” என்பது அவருடைய வாதம். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். ஆயுசில் மீன் வாங்கியறியாத சைவப் பிள்ளை இதைச் சொன்னதுதான் வேடிக்கை. அவர் வீட்டில் முட்டை என்ற சொல்லைக்கூட உரக்கச் சொல்ல முடியாது. மனைவி சண்முகத்தாய் அவ்வளவு ஆசாரம்.

நாற்பத்தேழில் வார்டுத் தேர்தல் வந்தது. வேட்பாளருக்கு ஒரு நிறமாக வோட்டுப் பெட்டி வைத்த காலம் அது. பச்சைப் பெட்டிக்கு நின்றவர் ஆறுமுகநயினார் பிள்ளை. கொழும்புக்குத் தோணியில் வெங்காயமும் வத்தலும் ஏற்றுகிற வியாபாரி. அய்யாக்குட்டிக்கு அடுத்த வீடு, புறவாசல் சுவர் இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். நெற்றியில் மூன்று பட்டை, கழுத்தில் உருத்திராட்சம், வாயைத் திறந்தால் தேவாரம். அப்பேர்ப்பட்டவர் புதன்கிழமை தோறும் மத்தியானம் வில்வண்டியைக் கடைத்தெருவிலேயே நிறுத்திவிட்டு, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கடற்கரைத் தெருவுக்குள் நுழைவதை அய்யாக்குட்டி மூன்று வாரமாகப் பார்த்து வைத்திருந்தார்.

கோவில் முன்னால் நடந்த கூட்டத்தில் எழுந்து கேட்டேவிட்டார்.

“அண்ணாச்சி, புதங்கிழம மத்தியானம் எங்க போறீரு? இந்தா சூடம் கொளுத்தியாச்சு. போற எடத்துல ஒரு தப்பும் இல்லன்னு அணைச்சுச் சத்தியம் பண்ணும்.”

வேட்பாளர் எரிகிற சூடத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான். கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. பின்வரிசையில் விசில் பறந்தது. தொடுப்பு வைத்துக்கொள்ள வசதியும் துணிச்சலும் உள்ள ஆள் என்று பச்சைப் பெட்டிக்கு மவுசு கூடிப்போயிற்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான எரிச்சலில் அய்யாக்குட்டி திங்கட்கிழமைப் பத்திரிகையில் போட்டார்: ‘கடற்கரைத் தெருவில், கொழும்புத் தோணிக்காரன் வீட்டில், புதன்தோறும் பச்சைப் பெட்டிக்கு என்ன வேலை?’

பேர் போடவில்லை என்று அவருக்கு நினைப்பு. அந்தத் தெருவில் மற்றவர்களெல்லாம் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள். கொழும்புத் தோணிக்குப் போகிறவன் மரியான் ஒருத்தன்தான்.

மறுநாள் காலையில் மரியானின் மனைவி கிரேசி அச்சாபீசுக்கு வந்தாள். கூச்சல் போடவில்லை. பத்திரிகையை மேஜைமேல் விரித்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

“இது என் வீடு. சரக்கு ஏத்துத மொதலாளி வருவாரு, சோறு போடுங்கன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டுப் போயிருக்காரு. என் மாமியா பரிமாறுதாவ. நான் அடுப்படிய விட்டு வெளிய வாரது கூடக் கெடையாது.”

“சோறா? சோத்துக்கா வாராரு?”

“சோறும் நெய்மீன் கொழம்பும்.”

கிரேசி நிறுத்தவில்லை.

“நேத்து குழாயடில எவளும் எனக்குக் கொடம் வைக்க எடம் விடல. சனிக்கிழம தோணி வருது. எறங்கின ஒடனே இத எவனாவது அவருகிட்ட வாசிச்சுக் காட்டுவான். வோட்டுக் கேக்கது அந்த மொதலாளி. எனக்கு வோட்டே கெடையாது. என் செவுள ஏன்யா தூக்கிப் பாத்தீக?”

பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாகத் தன் பத்திரிகையைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது.

“நாளைக்குப் புதன். வந்து பாத்துட்டு, உள்ளத எழுதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை ஆறுமுகநயினார் பிள்ளை குடையைத் தாழ்த்தக்கூட இல்லை. இப்போது அது பெருமையாகிவிட்டதே. அய்யாக்குட்டி பின்னாலேயே போய் உள்ளே எட்டிப் பார்த்தபோது, மரியானின் தாயார் துண்டம் துண்டமாக எடுத்து வைக்க, நயினார் பாதித் தட்டைக் காலி பண்ணியிருந்தார். ஆளைக் கண்டதும் அசரவில்லை.

“வாரும்வே. வாழக்காக் கொழம்பு. மீன் மாதிரி நறுக்கிருக்கு. நம்ம வீடுகள்லயும் வைப்பாள்லா?”

வைப்பதுதான். அய்யாக்குட்டி தட்டை உற்றுப் பார்த்தார். சத்தியமாக அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

“பாத்தேன்னு எழுதினா, நாளைக்கு வாழக்கான்னு சாதிப்பாரு” என்று அடுப்படியிலிருந்து கிரேசியின் குரல் வந்தது. “வாயில வச்சுப் பாத்துட்டு எழுதுங்க.”

அய்யாக்குட்டி கண்ணை மூடினார். சிவபெருமானிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டார். வாழைக்காய் இல்லை. சந்தேகம் அறவே தீரட்டும் என்று இரண்டாவது துண்டையும் போட்டார். அப்புறம் கொஞ்சம் சோறும் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் நயினார் அவர் கையைப் பிடித்தார். “வே, பொம்பளன்னே எழுதிரும். ஊரு பொறுத்துக்கிடும். மீனுன்னு எழுதினீருன்னா நம்ம தெருவுல ஒரு வோட்டு விழாது. வீட்டுல என்ன நடையேத்த மாட்டா.”

“கிரேசி பேரு என்ன ஆகுதது?”

“வேதக்காரி, கழுத்துல சிலுவ போட்டவ. நம்ம தெருவுக்கு அவ யாரு?”

அய்யாக்குட்டிக்கு அப்போதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. கையை உதறிவிட்டு நேரே அச்சாபீசுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை தனித்தாள் வந்தது: ‘ஆறுமுகநயினார் பிள்ளை புதன்தோறும் மரியான் வீட்டில், மரியானின் தாயார் பரிமாற, நெய்மீன் குழம்பு உண்கிறார். இதைத் தவிர அந்த வீட்டில் அவருக்கு வேறு வேலை இல்லை. முன்பு எழுதியதற்காக அந்த வீட்டாரிடம் ஆசிரியர் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார். குழம்பில் புளி சற்றுக் கூடுதல்.’

கடைசி வரி தொழில் தர்மம். ஒரு குறையும் சொல்லாவிட்டால், தின்ற விசுவாசத்தில் எழுதினான் என்பார்களே.

சனிக்கிழமை தோணியை விட்டு இறங்கிய மரியான் அதைக் கேட்டுச் சிரித்தான். குழாயடியில் கிரேசியின் குடத்துக்கு இடம் கிடைத்தது. நயினாருக்குத் தன் தெருவில் ஒரு வோட்டு விழவில்லை. கடற்கரைத் தெருவில் வோட்டுள்ளவர்கள் அத்தனை பேரும் பச்சைப் பெட்டியில் போட்டு, பதினோரு வோட்டு வித்தியாசத்தில் அவரைக் கரையேற்றினார்கள். நெய்மீன் தின்பவன் நம்மவன் என்று நினைத்தார்கள் போல. அவரோ அவர்களைப் பற்றி நினைத்தது வேறு.

ஆனால் இதெல்லாம் பிறகு. வெள்ளிக்கிழமை மத்தியானம் அய்யாக்குட்டி சாப்பிட உட்கார்ந்தபோது, சண்முகத்தாய் இலை போடாமல் தனித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“புளி கூடுதல்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

பதில் சொல்லாதவன் குற்றவாளி என்று பதினைந்து வருஷமாக எழுதிவந்தவர் மீசையைத் தடவிக்கொண்டு லேசாகச் சிரித்துப் பார்த்தார். இங்கே விசில் அடிக்க யாரும் இல்லை.

“அது என் சொந்த விஷயம்” என்றார்.

இலை புறவாசலுக்குப் போயிற்று. மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கமும் யாரோ வெறுந்தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற சத்தம் கேட்டது.

“வே, அய்யாக்குட்டி” என்றார் நயினார். “எல்லாம் உள்ளதத்தான் எழுதிருக்கீரு. ஆனா புளி சரியாத்தான் இருந்துச்சு.”