அது என் துடிப்பு

இறக்கக்கண்டியிலிருந்து கணவரின் ஆட்டோவில் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். தலைப்பிள்ளை. அவரை வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொல்லிவிட்டு என்னைப் பிரசவ அறைக்குள் எடுத்தார்கள். வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டிகள் கட்டி மெஷினைப் போட்டதும் பிள்ளையின் இதயம் கேட்கத் தொடங்கியது. நூற்றுநாற்பது என்று இலக்கம் காட்டியது. நோவு வரும்போதெல்லாம் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மத்தியானம் நோவு விடாமல் வந்தது. தாங்கேலாமல் ஒருபக்கம் புரண்டேன். சத்தம் நின்றுவிட்டது.

"மிஸ், கேக்கேல்ல!"

இளம் தாதி ஓடிவந்து பட்டியை நகர்த்தினா. மறுபடி துடிப்பு வந்தது. நூற்றுப்பத்து.

"இந்தா கேக்குதுதானே. பயப்படாதேங்கோ."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கிண்ணியாப் பக்கத்து மருத்துவிச்சி ஒருவர் வந்தா. மெஷினிலிருந்து வந்த காகிதத்தை இழுத்துப் பார்த்தா. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தா. அவவின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.

"இது புள்ளட துடிப்பில்ல," என்று தாதியிடம் சொன்னா. "இவட நாடி."

எனக்கு நெஞ்சு படபடத்தது. மெஷினில் இலக்கமும் கூடவே ஏறியது.

"அப்ப என்ர பிள்ளை?"

"கதைக்காதீங்க மகள். இடப்பக்கம் திரும்புங்க."

சின்னக் குழல் ஒன்றை என் அடிவயிற்றில் அழுத்தி, மறுமுனையில் காதை வைத்தா.

"இருக்கு. ஆனா சரியான மெதுவா. டொக்டரைக் கூப்பிடுங்க!"

டொக்டர் வந்து பார்த்தார். பிள்ளையின் தலை கீழே இறங்கிவிட்டதாம். கருவி வைத்து இழுக்கப்போவதாகச் சொன்னார். பாதித் தமிழில், "அம்மா, நல்லா முக்க வேணும்," என்றார்.

"என்னால ஏலாது."

"ஏலும்," என்றா மருத்துவிச்சி, என் தோளைப் பிடித்துக்கொண்டு. "நான் சொல்லக்க முக்குங்க. இப்ப!"

மூன்றாம் முறை பிள்ளை வந்தது. கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று. நீலமாக, அசைவில்லாமல் இருந்தது. பக்கத்து மேசைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களின் முதுகுகள்தான் எனக்குத் தெரிந்தன. "அழுதிட்டுதா? அழுதிட்டுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னக் குரல் வந்தது.

மகள். சுகமாக இருந்தாள்.

பின்னேரம் அந்தத் தாதி என் கட்டிலடிக்கு வந்து அழுதா. "நான் உங்கட கையைப் பிடிச்சு நாடி பாத்திருக்கோணும், அக்கா."

கோபப்பட எனக்கு ஏலவில்லை. மெஷினில் அந்தத் துடிப்பு மறுபடி கேட்டதும் நானும் நிம்மதியாகத்தானே கிடந்தனான்.