யானைப் படத்தில் மழையைக் காணோம்

இல்லை இல்லை, என் சம்பந்திக்குக் கிறுக்கெல்லாம் பிடிக்கவில்லை. நியாயமான கோபம். நானாக இருந்தால் அந்தக் கடையையே கவிழ்த்திருப்பேன்.

மனுஷன் பூட்டு ரிப்பேர் பார்ப்பவர். மூடிக்கிடக்கும் தியேட்டர்களில் துருப்பிடித்த பூட்டைத் திறக்கக் கூப்பிடுவார்கள். உள்ளே கிடக்கும் ஊமைக் கார்ட்டூன் ரீல்களைக் கூலியாகக் கேட்டு வாங்கிவருவார். சினிமாவுக்குப் பேச்சே வராத காலத்துப் படங்கள். டப்பாவைத் திறந்ததும் முதலில் மோந்து பார்ப்பார். புளித்த வாடை அடித்தால் ரீல் கெட ஆரம்பித்துவிட்டது என்று தனியே எடுத்துவைப்பார்.

அதில் ஒன்று யானைப் படம். கொட்டும் மழையில் சின்னக் குடையோடு ஒரு யானை வரும்; நனைந்துவிடும் என்று தன் நிழலைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளும். வேறு எவரிடமும் அந்தப் படம் இருப்பதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. "என்னைக் கட்டறதுக்கு முன்னாடியே இவர் அந்த யானையைக் கட்டிக்கிட்டார்" என்பார் சம்பந்தியம்மா.

பேத்தி பிறந்தாள். ரெண்டு வீட்டுக்கும் முதல் பேத்தி. சிரித்தால் வெறும் ஈறுதான். அதற்கே நான் சொத்தை எழுதிவைப்பேன். அவளுக்குக் காட்டலாம் என்று என் மாப்பிள்ளை, அப்பாவிடம் சொல்லாமல் யானை ரீலை ஒரு கடையில் கொடுத்துப் போனில் ஏற்றிவந்தார்.

கூடி உட்கார்ந்து பார்த்தோம். பளிச்சென்று இருந்தது. மழையைக் காணோம்! கோடு கோடாக இருந்ததைக் கீறல் என்று நினைத்து மொத்தமாகத் துடைத்துவிட்டிருக்கிறான் கடைக்காரன். மொட்டை வெயிலில் குடை பிடித்த யானை. போதாததற்கு டமுக்கு டமுக்கு என்று பாட்டு வேறு.

"ரீல் எங்கடா?"

"கடையிலேயே விட்டுட்டேம்பா. அதான் போன்ல இருக்கே."

"நீகூடத்தான் போட்டோல இருக்க. உன்னைத் தூக்கிக் குப்பைல போட்டுடவா?"

சம்பந்தியும் நானும் கடைக்கு ஓடினோம். "நாத்தம் தாங்கல சார், பழைய சாமான்காரன்கிட்ட மூட்டையோட குடுத்துட்டேன்" என்றான்.

"மழைக்கும் கீறலுக்கும் வித்தியாசம் தெரியாத உனக்கு எதுக்குடா கடை?" சம்பந்தி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்தும் மகனோடு பேச்சு வார்த்தை இல்லை.

மாப்பிள்ளை பழைய சாமான் கடையில் மூட்டை மூட்டையாகக் கிளறி, இன்று காலை ரீலோடு வந்து நின்றார். சட்டையெல்லாம் கரி. சம்பந்தி ஜன்னலைச் சாத்திவிட்டு, ரீலைப் புரொஜெக்டரில் மாட்டிச் சுவரில் ஓட்டினார். முனை மட்டும்தான் கிழிந்திருந்தது. மழை சோவென்று கொட்டியது. மாப்பிள்ளை மெதுவாகப் பல்லைக் காட்டினார்.

சம்பந்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரீல்தான்டா கிடைச்சிருக்கு, என் கோபம் இன்னும் தீரல. பேத்தியை இங்க குடுத்துட்டு, நீ தள்ளி உக்காரு."