லஃப்டா தெரியாத எடிட்டர்

மகள் பிறந்து சில வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போனேன். பம்பாயில், செம்பூரில் சின்ன மென்பொருள் அலுவலகம். மூன்று மாதம் பார்ப்போம், பிடித்திருந்தால் வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேனே தவிர, அனுப்பிவிடுவார்களோ என்று தினமும் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசி மாதத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். நிரல் எழுதி, அதை ஓடும் மென்பொருளாகத் தொகுக்க பில்டு ஓட்டினால் தப்பெல்லாம் ஒரு கறுப்பு ஜன்னலில் வந்து கொட்டும். எந்தக் கோப்பு, எந்த வரி என்று தேடியே எல்லோருக்கும் கண் பூத்துவிடும். இனி நிரல் எழுதும் எடிட்டரிலேயே, தப்பான வரிக்கு அடியில் சிவப்புக் கோடு விழ வேண்டும். வெறும் எச்சரிக்கை என்றால் மஞ்சள்.

எழுதி ஓட்டினேன். பில்டு தப்புகளோடு பாதியில் நின்றது. எடிட்டரோ ஒரு குறையும் இல்லை என்று சாதித்தது. இரண்டு நாள் முட்டி மோதினேன். தப்பு தெரிய வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டவள் என் வீடு இருக்கும் மாட்டுங்காவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"என்னக்கா, இன்னும் வரலியா?" என்று டீம் லீடர் எட்டிப் பார்த்தார். தாராவிக்காரர், என்னைவிட இளையவர். அவருக்காகக் கறுப்பு ஜன்னலை வரிவரியாக வாசித்தபோதுதான் உறைத்தது. அந்த பில்டு கருவி இவர்களே செய்தது. தப்புக்கு முன்னால் அது 'எரர்' என்று போடவில்லை, 'லஃப்டா' என்று போட்டது. எச்சரிக்கைக்கு 'சம்பால்கே', அதாவது பார்த்து, ஜாக்கிரதை. பம்பாயிலேயே வளர்ந்தவளுக்கு இந்த ஊர் ஹிந்தியில் லஃப்டா என்றால் தகராறு என்று யோசிக்காமலே புரிந்துவிடுகிறது. 'எரர்' என்ற சொல்லையே தேடும் எடிட்டருக்கு எங்கே புரியும்?

அவர் அசடு வழிந்தார். "வெளாட்டுக்கு வச்சதுக்கா. இங்கிலீசுக்கு மாத்திருவமா?"

"எதுக்கு? எல்லாரும் பழகியாச்சு. எடிட்டருக்குச் சொல்லிக்கொடுத்துடறேன்."

லஃப்டாவுக்குச் சிவப்பு, சம்பால்கேவுக்கு மஞ்சள் என்று சேர்த்து ஓட்டினேன். வரிசையாகச் சிவப்பு விழுந்தது. அறையில் இருந்தவர்கள் வந்து அவரவர் தப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இனிமே இது மக்கர் பண்ணுனா ஒங்ககிட்டதான் வருவோம், பாத்துக்கிடுங்க" என்றார் லீடர்.

"அடுத்த மாசமுமா?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அவர் புரியாமல் பார்த்தார். "ஒங்கள வச்சிக்கிடலாம்னு போன வாரமே முடிவாயிட்டேக்கா. யாரும் சொல்லலியா?"

யாரும் சொல்லவில்லை. கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டியதில், முதலில் வெளியே வந்தது சிரிப்புதான்.