எலுமிச்சம்பழத்தில் ஏற்றிய பெட்டி

எங்கள் ஸ்டூடியோ ஜொகூரில், ஸ்கூடாய் என்கிற ஊரில், ஒரு டோபிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே துவைக்கும் இயந்திரங்கள் சுழலும்போது மேலே எங்கள் மேசைகள் லேசாக அதிரும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோவில் கும்பாபிஷேகம், எப்போதாவது ஒரு நாசி லெமாக் சோற்றுக் கடை விளம்பரம் என்று எதையும் விடாமல் படம் பிடிப்போம். பிடித்ததை நாங்கள் நாலு எடிட்டர்கள் வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுப்போம். முதலாளி எதையும் வெட்டமாட்டார். அவருடைய வேலை முடிவெடுப்பது.

எடுத்த வீடியோவையெல்லாம் எங்கே வைப்பது என்பதுதான் அவர் எடுக்கவேண்டியிருந்த முடிவு. அதுவரை எங்கள் சேமிப்புக் கிடங்கு ஒரு பிஸ்கட் டின். யாரோ ஒரு வாடிக்கையாளர் நோன்புப் பெருநாளுக்குக் கொடுத்தது. கையடக்க ஹார்ட்டிஸ்குகள் அதற்குள் கருவாடு மாதிரி அடுக்கிக் கிடக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒட்டுத்தாளில் எழுத்து இருக்கும். ஒன்றில் ‘அழிக்காதே’. இன்னொன்றில் ‘சத்தியமாக அழிக்காதே’. வெறும் ‘அழிக்காதே’ என்று எழுதியதை அழிக்கலாம் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

ஒரே கல்யாணத்தை இரண்டு பேர் எடிட் செய்தால் ஹார்ட்டிஸ்க் மேசைக்கு மேசை தாவும். ஒருவர் சாப்பிடப் போகும்போது அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால் மற்றவர் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இது சரிப்படாது, எல்லாரும் ஒரே நேரத்தில் எடுத்து வேலை செய்கிற மாதிரி நடுவில் ஒரு பெரிய பெட்டி வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். முதலாளிக்குப் பெட்டியைவிட அதைப் பற்றி மீட்டிங் போடலாம் என்பது பிடித்திருந்தது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வாராவாரம் மீட்டிங் நடந்தது. மட்டன் வறுவல் எங்கே நன்றாக இருக்கும் என்பது மட்டும் வாராவாரம் தெளிவாகிக்கொண்டே போனது.

ஆலோசகராக வந்தவர் முதலாளியின் மச்சான். சிங்கப்பூரில் கணினி வேலை. என்ன வேலை என்று கேட்டால் கையை அகலமாக விரித்துக் காட்டுவார். விடியுமுன் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு ஜொகூரில் ஒரு தனி மரியாதை உண்டு. அக்கரையில் என்ன செய்கிறார்கள் என்று யாரும் துருவுவதில்லை. அவர் மடிக்கணினியைத் திறந்து அம்புக்குறிகள் நிறைந்த படம் ஒன்றைக் காட்டினார்.

“இதுல ரெண்டு டிஸ்க் செத்தாலும் ஒண்ணும் ஆகாது மச்சான். பெட்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும்.”

“லைட் எரியுமா?” என்றார் முதலாளி.

“நீல லைட்டு. வரிசையா.”

முதலாளி இலையை மூடினார். அவரைப் பொறுத்தவரை முடிவு அப்போதே எடுத்தாகிவிட்டது. எங்களுக்குத்தான் இன்னும் பல வாரம் மட்டன் பாக்கி இருந்தது.

எங்களில் மூத்த எடிட்டரை எல்லாரும் அக்கா என்போம். மணப்பெண்களின் முகத்தைக் கறுப்பிலிருந்து மாநிறத்துக்கும், மாநிறத்திலிருந்து மஞ்சளுக்கும் மாற்றிக் கொடுத்தே கண்ணாடியின் பவர் ஏறியவர். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“போஸ், பெட்டி என்னத்த வேணும்னாலும் வாங்குங்க. இன்னொரு காப்பி எங்க இருக்கும்? பெட்டியே போயிருச்சுன்னா?”

மச்சான் ரசத்தைப் பார்த்தார். முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது.

“நல்ல காரியம் பேசறப்ப வாயில நல்ல வார்த்தை வரணும்மா. போயிரும், அழிஞ்சிரும்னு ஆரம்பத்துலயே சொன்னா எப்படி லா?”

அத்தோடு சரி. அதற்குப் பிறகு எந்த மீட்டிங்கிலும் இரண்டாவது காப்பி என்கிற பேச்சு எழவில்லை. கல்யாண வீட்டில் இழவுப் பேச்சை எடுத்தவளைப் போல அக்காவும் வாயை மூடிக்கொண்டார். எனக்கு இன்றும் இதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. உலகம் முழுவதும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குவார்கள். நாங்கள் அதை அபசகுனம் என்று தள்ளிவைத்துவிட்டு நீல விளக்கில் தொடங்கினோம்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், நான் குடியிருக்கும் லாயாங் லாயாங்கிலிருந்து ஸ்கூடாய்க்கு வரும் வழியில்தான் ஊர் உலகத்துத் தகவலையெல்லாம் கொண்டுவந்து வைக்கும் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. எண்ணெய்ச் செம்பனை நின்ற தோட்ட நிலத்தில் ஜன்னலே இல்லாத வெள்ளைக் கட்டடங்கள். எந்த நாட்டிலோ எவரோ எடுத்த பூனைப் படத்துக்கெல்லாம் ஜொகூரில் குளிர்சாதன வசதியோடு இடம் இருக்கிறது. எங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு பிஸ்கட் டின்.

இந்த மீட்டிங்குகள் நடந்துகொண்டிருந்தபோதுதான் என் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. முகூர்த்தத்துக்குச் சில நாள் முன்பு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அம்மா படுத்தபடியே கத்தினார்.

“மண்டபம் உங்கப்பன் வீட்டு மண்டபமா? நடத்துங்க. எம்மகன் வேலையே வீடியோ எடுக்கறதுதான? நான் வீடியோவுல பாத்துக்கறேன்.”

அப்பா இறந்து பல வருடமாகிறது. பெரியப்பாதான் தாரை வார்த்தார். மாமா மகன் போனில் நேரலை போட்டான்; ஆஸ்பத்திரியில் லைன் சரியில்லாமல், மேளச் சத்தம் மட்டும் ஓட, மாப்பிள்ளை கொட்டாவி விடும் முகம் உறைந்து நின்றுவிட்டது. தாலி கட்டும்போது அம்மா பார்த்தது அந்தக் கொட்டாவியைத்தான். அதனால் நான் எடுத்த வீடியோ ஒன்றுதான் அவருக்குக் கல்யாணம். கட்டில் பக்கத்தில் நின்று, ஒரு துளி விடாமல் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கேமராக்களில் இருந்ததெல்லாம் ஒரு ஹார்ட்டிஸ்குக்குப் போனது. ‘தங்கச்சி கல்யாணம், தொடாதே’ என்று பெரிதாக எழுதி டின்னில் வைத்தேன். எடிட் செய்ய நேரம் கிடைக்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளி ஆள் வேலை முதலில். நம்ம ஆள் வேலை கடைசியில். வெளி ஆள் சண்டைக்கு வருவான், நம்ம ஆள் பொறுத்துக்கொள்வான். தச்சன் வீட்டில் நாற்காலி இருக்காது என்பார்கள். வீடியோக்காரன் வீட்டில் கல்யாண வீடியோ இருக்காது. முதலாளியின் சொந்த மகளுடைய காதுகுத்து வீடியோ இன்னும் டின்னில்தான் கிடந்தது. மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள்.

இன்னொரு காப்பி எடுக்கத் தோன்றியது. டின்னில் காலி ஹார்ட்டிஸ்க் ஒன்றுகூட இல்லை. புதிதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டேன். “பெட்டி வரப்போவுது லா, எல்லாத்தையும் அதுல ஏத்திரலாம்” என்றார் முதலாளி. அந்த மாதங்களில் ஸ்டூடியோவில் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். ஏசி ஒழுகியதற்குக்கூடப் பெட்டி வரட்டும் என்றார்.

அம்மா வீடு திரும்பி, நடைச் சட்டம் பிடித்து நடக்கத் தொடங்கினார். தங்கை கணவனோடு பினாங்கு போய்விட்டாள். அம்மா போன் செய்வார்.

“ரெடியாடா?”

“கொஞ்ச நாள்மா. பெட்டி வரணும்.”

“என்னடா பெட்டி? பொணப்பெட்டியா? அதுக்குள்ள காட்டிருடா.”

பெட்டி ஒருவழியாக வந்தது. அரிசிக் குக்கரைவிடக் கொஞ்சம் பெரியது. முதலாளி அதை உடனே ஓடவிடவில்லை. வளர்பிறை பார்த்து, ராகுகாலம் தள்ளி, நல்ல நேரம் குறித்தார். கன்னி மூலையில்தான் வைக்கவேண்டும் என்பதால் அங்கிருந்த தண்ணீர்க் குளிரூட்டி இடம் மாறியது. பழைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அழைப்புப் போனது. கேசரி வந்தது. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆனது. காற்றுப் போகும் ஓட்டைகளில் குங்குமம் விழாமல் அக்கா கையால் மறைத்துக்கொண்டே நின்றார்.

அப்புறம்தான் முதலாளிக்கு எலுமிச்சம்பழம் நினைவு வந்தது. புது வண்டி எடுத்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஏற்றுவது வழக்கம், கண் படக்கூடாது. பெட்டிக்குச் சக்கரம் இல்லை. ஆபீஸ் நாற்காலிக்கு இருந்தது. பெட்டியை நாற்காலியில் உட்காரவைத்து, கீழே பழங்களை வைத்து, முதலாளியும் மச்சானும் பின்னாலிருந்து தள்ளினார்கள். எலுமிச்சம்பழம் லேசில் நசுங்கிவிடாது. நாற்காலி ஏறவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார்கள். ஏறி, வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, சுவரை நோக்கி ஓடியது. இந்தக் கலவரத்தில் பெட்டியை மார்போடு கட்டிப் பிடித்து நிறுத்தியவர் அக்கா. சேலை முழுக்கச் சந்தனம். சாறு தெறித்த முதலாளி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, “ஆச்சு, திருஷ்டி கழிஞ்சிருச்சு” என்றார். நீல விளக்குகள் வரிசையாக எரிந்தன. எல்லாரும் கைதட்டினார்கள்.

நாங்கள் வீடியோக்காரர்களாயிற்றே. இந்தப் பூஜையையும் கேமரா வைத்து எடுத்தோம். டோபிக் கடைக்காரர் கேசரி சாப்பிடுவதை மெதுவாக்கிய காட்சியில் பார்த்தால் உணர்ச்சிமயமாக இருக்கும்.

மறுநாள் காலை, பெட்டியில் ஏற்றுவதற்காக என் ஹார்ட்டிஸ்கை எடுத்துச் செருகினேன். ஒட்டுத்தாள் இருந்தது. எழுத்து இருந்தது. உள்ளே பூஜை இருந்தது. எலுமிச்சம்பழம், நாற்காலி, கைதட்டல். வேறு எதுவும் இல்லை.

“அலமாக், வேற காப்பி இல்லியா?” என்றார் முதலாளி. “பூஜைய எறக்க எடம் இல்லனு சொன்னாங்க, பெட்டில ஏத்த இன்னிக்குத்தான் நல்ல நேரம், அதான் நான் இத அழிச்சுக் குடுத்தேன். வெளி ஆளு டிஸ்க்க எடுத்தா பிரச்சன. இது நம்ம ஆளு, எங்கயாச்சும் காப்பி வச்சிருப்பன்னு…”

“எங்க போஸ் வைப்பேன்?”

அவர் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். ரெண்டு டிஸ்க் செத்தாலும் ஓடுகிற பெட்டி அது. முதலாளியின் கை பட்டால் என்ன ஆகும் என்று மச்சானின் அம்புக்குறிப் படத்தில் இல்லை. நான் அப்போது சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதமுடியாது. அவர் வாங்கிக்கொண்டார். மதியம் என் மேசைக்கு வந்து, “தப்பு என்மேலதான் தம்பி” என்றார். உண்மையிலேயே கலங்கியிருந்தார். அது என் கோபத்துக்கு வசதியாக இல்லை.

மச்சான் ஏதோ மென்பொருள் போட்டுத் தோண்டிப் பார்த்தார். பந்தி மட்டும் கிடைத்தது. யாரோ ஒருவர் பாயசத்தை உறிஞ்சுவது தெளிவாக இருந்தது.

வேறு வழியில்லாமல் சொந்தக்காரர்களிடம் அலைந்தேன். தாலி கட்டும்போது மண்டபமே கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தது. ஆளாளுக்கு அனுப்பினார்கள். அவற்றைத் திறந்துகூடப் பார்க்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவின் டிவியில் போட்டேன். ஹார்ட்டிஸ்க் போன கதையையும் சொல்லிவிட்டேன். அம்மா தலை வாரி, நல்ல சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெரியம்மாவின் வீடியோ முதலில். கெட்டிமேளம் எழுந்தது. மாப்பிள்ளை கையை உயர்த்தினார். அந்த நொடியில் ஒரு வெள்ளைச் சட்டை முதுகு குறுக்கே வந்து திரையை அடைத்துக்கொண்டது. கேமராவோடு நான்.

மாமாவின் வீடியோவைப் போட்டேன். என் முதுகு. சித்தி வேறு பக்கம் உட்கார்ந்திருந்தார், அதனால் முதுகு கொஞ்சம் சாய்வாக. எல்லார் போனிலும் அட்சதை பறந்தது, மேளம் முழங்கியது, அகலமாக நான் நின்றேன். ஒரு துளி விடாமல் எடுக்கவேண்டும் என்று முண்டியடித்து முன்னால் போனவன், மண்டபத்தில் ஒருவருக்கும் ஒரு துளி மிச்சம் வைக்கவில்லை. எனக்கு வெட்கமும் ஆத்திரமும் தாங்கவில்லை. டிவியை அணைக்க ரிமோட்டை எடுத்தேன்.

“இருடா,” என்றார் அம்மா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார். “இது என்ன, குலுங்குது?”

“கேமரா வெயிட்டும்மா.”

“கேமரா இல்ல. உன் தோளு.” அவர் கண் டிவியை விட்டு நகரவில்லை. “அழுதியா?”

“ஓமப் புகைமா. கண்ணு எரிஞ்சிச்சு.”

“பொகைக்குக் கண்ணுதான் எரியும். தோளு ஏன்டா குலுங்குது?” என்றார். “மறுபடியும் போடு.”